பழைய நடை

திவாலாகப் போகிறவள் எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது என்று வடிவழகிக்குத் தெரியவில்லை. நல்லதாகக் கட்டினால் பணத்தை எங்கோ பதுக்கி வைத்திருக்கிறாள் என்பார்கள். கிழிசலைக் கட்டினால் இரக்கம் சம்பாதிக்க வந்திருக்கிறாள் என்பார்கள். கடைசியில் தன் தேங்காய் நார் மில்லுக்குக் கட்டிப் போகும் நீலச் சேலையையே கட்டிக்கொண்டு, கணவன் கலியமூர்த்தியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பட்டுக்கோட்டைக்குப் போனாள். வழியில் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மில் நின்று ஏழு மாதம் ஆகிவிட்டது, பேச வேண்டியதையெல்லாம் அதற்குள் பேசித் தீர்த்திருந்தார்கள்.

திவால் வழக்குகளைப் பார்க்கும் நொடிப்பு அலுவலர் இன்னாசிமுத்து ஐம்பது வயதுக்காரர், ஒல்லியான மனிதர். அவர் அறையில் அவருடைய நாற்காலியும் வந்தவர்களுடைய நாற்காலியும் ஒரே உயரம். வடிவழகி அதை உட்கார்ந்ததுமே கவனித்தாள். கடன் வாங்கப் போன இடங்களில் எல்லாம் அவள் நாற்காலி ஒரு சாண் தாழ்ந்துதான் இருந்திருக்கிறது.

"முதல்ல எது போகும், எது போகாதுன்னு சொல்லிடறேன்மா. அது தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும்," என்று ஆரம்பித்தார்.

மில் போகும். மட்டை அடிக்கும் இயந்திரம், மில்லுக்குப் பின்னாலிருக்கும் அரை ஏக்கர், சரக்கு ஆட்டோ எல்லாம் ஏலத்துக்குப் போய், வருகிற பணம் கடன்காரர்களுக்குப் பங்கு வைக்கப்படும். ஒரு வருடத்துக்கு வீட்டுச் செலவு போக மிஞ்சும் சம்பாத்தியமும் அதே பங்கில் சேரும். சமையல் பாத்திரம், தாலி, மோட்டார் பழுதுபார்க்கும் கலியமூர்த்தியின் கருவிப் பெட்டி, இரு சக்கர வண்டி ஒன்று, இவற்றை யாரும் தொட முடியாது. வீடு மட்டும் கணக்கைப் பொறுத்தது. மொத்தக் கடன் ஒரு கோடிக்குள் இருந்தால் வீடு தப்பிக்கும், ஒரு ரூபாய் தாண்டினாலும் அதுவும் ஏலத்துக்குத்தான்.

ஒரு வருடம் கழித்து மிச்சக் கடன் போய்விடும் என்றும் சொன்னார். போய்விடும் என்றால் எப்படி என்று கலியமூர்த்தி கேட்டான்.

"நெசமாவே போயிடும்," என்று சொல்லி, காதுக்குப் பின்னால் விரல் வைத்துக் காட்டினார் இன்னாசிமுத்து.

அங்கே மிளகளவில் ஒரு மணி எல்லோருக்கும் உண்டு. கொடுக்கல் வாங்கல் முழுவதும், யார், எவ்வளவு, என்றைக்கு என்பதெல்லாம், அதில்தான் இருக்கிறது. மணியிடம் ஒப்படைத்ததை மூளை வைத்துக்கொள்வதில்லை. இரண்டு தலைமுறையில் அந்த வேலையையே அது மறந்துவிட்டது. முன்பெல்லாம் சட்டம் கடனைத் தள்ளுபடி செய்தாலும் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று கத்துவான், வாங்கியவன் கயிற்றைத் தேடுவான். வாயை அடைக்கச் சட்டத்தால் முடியவில்லை, அதனால் நினைவையே எடுக்க முடிவு செய்தார்கள். விடுதலை உத்தரவு வந்த அன்று அந்தக் கடன் இரண்டு பக்கத்து மணியிலிருந்தும் அழிந்துவிடும். கொடுத்தவனுக்கும் தெரியாது, வாங்கியவளுக்கும் தெரியாது.

"அபராதம் மட்டும் அழியாது. உங்களுக்கு ஒண்ணு இருக்கு போலயே?"

இருந்தது. மட்டை ஊறிய பழுப்புத் தண்ணீர் வாய்க்கால் வழியாகப் பக்கத்துத் தென்னந்தோப்பில் இறங்கியதற்காக எண்பதாயிரம் ரூபாய். புகார் கொடுத்தவர் தோப்புக்காரர் கோவிந்தராசு.

வங்கியும் மட்டை கொடுத்தவர்களும் சேர்ந்து எண்பத்திரண்டு லட்சம். வீடு தப்பித்தது என்று கலியமூர்த்தி மூச்சு விட்டான். அப்போதுதான் இன்னாசிமுத்து, கைமாற்று, சீட்டு, வேறு ஏதாவது உண்டா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார். கலியமூர்த்தி மேசைக்குக் கீழே மனைவியின் காலை மிதித்தான். மிதித்தது நன்றாகவே உறைத்தது. ஆனாலும் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"மொய் இருக்கு சார்," என்றாள்.

இன்னாசிமுத்து திண்டிவனத்துக்காரர், வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மொய் என்பது கல்யாண அன்பளிப்புதானே, அது எப்படிக் கடனாகும் என்று கேட்டார். வடிவழகி பொறுமையாக விளக்கினாள். தங்கள் ஊரான நெடுவாக்காட்டில் அது வேறு. தொழில் தொடங்கவோ நொடித்ததிலிருந்து எழவோ பணம் வேண்டியவர் ஆடியில் பந்தல் போட்டுக் கறிவிருந்து வைப்பார். ஊரே வந்து சாப்பிட்டுவிட்டு மொய் போடும். முதல் முறை போடுவது புது நடை. பிறகு அவர்கள் முறை வரும்போது வாங்கியவர் அதைத் திருப்பிப் போடுவது பழைய நடை, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துப் போட்டால் அது மறுபடியும் புது நடை. வாங்கியதைச் சரியாகத் திருப்பிவிட்டு நிறுத்திக்கொண்டால் உறவையே முடித்துக்கொண்டதாக அர்த்தம். அதனால் எல்லோரும் கொஞ்சமாவது சேர்த்துத்தான் போடுவார்கள்.

"திருப்பாம இருக்க முடியாதா?"

"அப்படி ஒருத்தரும் இருந்ததில்ல சார்."

இன்னாசிமுத்து பேனாவை மேசையில் வைத்துவிட்டு, எத்தனை பேர், எவ்வளவு என்று கேட்டார். நான்கு வருடத்துக்கு முன்னால், புயலில் தோப்பு சாய்ந்த பிறகு மில் தொடங்க வடிவழகி வைத்த விருந்துக்கு அறுநூற்றுப் பதினொரு பேர் போட்டது ஐம்பத்தெட்டு லட்சம். கூட்டினால் ஒரு கோடியே நாற்பது. வீடு போனது. கலியமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஆனால் அவள் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

"இதுவும் அழிஞ்சிடுமா சார்? யாரு எனக்குப் போட்டாங்கன்னே எனக்குத் தெரியாமப் போயிடுமா?"

"ஆமாம்மா. அவங்களுக்கும் தெரியாது. ஒருத்தரும் வந்து உங்களக் கேக்க மாட்டாங்க."

"கேக்க மாட்டாங்கங்கறது இல்ல சார். எனக்குத் தெரியணும்."

இன்னாசிமுத்து படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். சட்டத்தில் அப்படி ஒரு கோரிக்கைக்குப் படிவம் கிடையாது. கடன் என்றால் இரண்டு பக்கத்து மணியும் ஒத்துப்போக வேண்டும், அதனால் ஊருக்கு வந்து அறுநூற்றுப் பதினொரு பேரையும் பார்ப்பேன், ஒத்திருந்தால் எழுதித்தான் ஆக வேண்டும் என்றார்.

திரும்பும் வழியில் கலியமூர்த்தி வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு மனம் விட்டுத் திட்டினான். சொல்லாமல் விட்டிருந்தால் தெரியப் போகிறதா, அரிச்சந்திரன் வீட்டில் பொண்ணு எடுத்தேனா என்றான். அவள் மனசுக்குள் பெயர்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்காரி அலமேலு ஐந்நூற்று ஒன்று. என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது ஆயி என்று கையைப் பிசைந்துகொண்டு போட்டாள். தபால்காரர் இரண்டாயிரம். பள்ளிக்கூடத்து ஆயா முந்நூறு. ஒரு வருடம் கழித்து இந்தத் தெருவில் நடக்கும்போது எதிரே வருகிறவள் தனக்குச் செய்தவளா செய்யாதவளா என்று தெரியாமல் போகும் என்று நினைத்ததும் மறுபடி முதல் பெயரிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். வீடு போனால் வாடகைக்கு ஒன்று பார்த்துக்கொள்ளலாம். நன்றியை எங்கே வாடகைக்குப் பிடிப்பது?

எல்லாவற்றிலும் பெரிய மொய் கோவிந்தராசு போட்டது, இரண்டு லட்சம். வடிவழகி பிறந்த ஊர் வழியில் அவர் அவளுக்கு அண்ணன் முறை. தங்கச்சி, தங்கச்சி என்று வாய் நிறையக் கூப்பிட்டவர்தான். மில் ஓட ஆரம்பித்த முதல் மழையிலேயே வாய்க்கால் தகராறு வந்துவிட்டது. பழுப்புத் தண்ணீர் புகுந்து பதினெட்டுத் தென்னம்பிள்ளை பட்டுப்போயின. தப்பு வடிவழகி பேரில்தான், தொட்டி கட்டாமல் தள்ளிப் போட்டவள் அவள். ஆனால் அன்றைக்கு அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை, வாய்க்கு வந்ததைப் பேசினாள். அன்றிலிருந்து அவருக்கு அவள் 'அந்த நார்க்காரி'. டீக்கடையில் எதிரே வந்தால் துண்டை உதறித் தோளை மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பிக்கொள்வார்.

இன்னாசிமுத்து ஒரு வியாழக்கிழமை ஊருக்கு வந்து, தொகை பெரியது என்பதால் முதலில் கோவிந்தராசு வீட்டுக்குத்தான் போனார் என்று வடிவழகிக்குச் செய்தி வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டாராம். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து வாரம் முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினார். அவர் எந்தத் தெருவில் இருக்கிறார் என்று தெரிந்தால் வடிவழகி அந்தப் பக்கம் போக மாட்டாள். என்னால் ஊரார் காதையெல்லாம் அதிகாரி தொட்டுப் பார்க்கிறாரே என்று அவமானமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே அவள் வீட்டுக்கு வந்தார். கலியமூர்த்தி நாற்காலி போட்டான். உட்கார்ந்து, கொடுத்த மோரைக் குடித்து முடித்தார்.

"முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படிப் பாத்ததில்லம்மா," என்றார். "அறுநூத்துப் பதினொரு பேர்ல ஒருத்தர் மணியிலயும் உங்க மொய் இல்ல."

அவளுக்குப் புரியவில்லை. என் மணியில் இருக்கிறதே என்றாள். இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது கடன் கிடையாது, வீட்டுக்கு ஆபத்தில்லை என்றார் அவர். தன் நினைவைத் தான் அழித்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு, பஸ் ஸ்டாண்டில் மணி பழுதுபார்க்கும் கடையில் பத்து நிமிட வேலை. அவர் முதலில் ஊருக்கு வந்துபோன மறுநாள், வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணியிலிருந்து அந்தக் கடையில் நெடுவாக்காட்டுக்காரர்கள் வரிசையில் நின்றிருக்கிறார்கள். கடைக்காரர் டோக்கன் போட வேண்டியதாகிவிட்டது. இப்போது போய்க் கேட்டால் ஏதோ அழித்தோம் என்று மட்டும் சொல்கிறார்கள். என்ன அழித்தீர்கள் என்றால், அது தெரிந்தால் அழித்ததாக ஆகுமா சார் என்று அலமேலு இவரையே திருப்பிக் கேட்டிருக்கிறாள்.

"முதல் டோக்கன் யாருக்குன்னு நீங்க கேக்கல," என்றார் இன்னாசிமுத்து.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சொன்னதா இருக்கக்கூடாது. வியாழக்கிழமை கோவிந்தராசுகிட்ட விஷயத்தச் சொன்னேன். மொய்யும் சேந்தா வீடு ஏலத்துக்குப் போகும்னேன். ரெண்டு பக்கமும் இருந்தாத்தான எழுதுவீங்கன்னு கேட்டாரு. ஆமான்னேன். அப்ப திங்கக்கிழமை வாங்க, இப்ப தோப்புல வேலை கெடக்குன்னு எழுந்துட்டாரு. நான் வாசல்ல நின்னு கேட்டேன், உங்களுக்கும் அந்தம்மாவுக்கும் கேஸ் ஆச்சேன்னு. அவ தண்ணிய விட்டது வேற, அவ வீடு போறது வேறன்னாரு."

வடிவழகி அழுதாள். மில் நின்ற அன்று அழவில்லை, இயந்திரத்தில் ஏல நோட்டீஸ் ஒட்டிய அன்றும் அழவில்லை. இப்போது அந்நிய ஆள் எதிரே இருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கலியமூர்த்தி அவள் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான்.

"ஒரு விஷயம்," என்றார் இன்னாசிமுத்து, போகக் கிளம்பி. "விடுதலை வர்ற வரைக்கும் ஒரு வருஷம் நீங்க யார்கிட்டயும் இதச் சொல்லக்கூடாது. சொன்னா அவங்க மணியில மறுபடி ஏறிடும். ஏறினா நான் எழுதணும். அப்பறம் உங்க பக்கம் இருக்கறத வச்சிக்கணும்னு இல்ல. நீங்களும் அழிச்சிக்கலாம். நிம்மதியா இருக்கலாம்."

அவர் போன பிறகு கலியமூர்த்தியும் அதையே சொன்னான். கொடுத்த அறுநூறு பேரும் மறந்துவிட்டார்கள், நீ மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை, அவள் நிம்மதிக்காகத்தான் கேட்டான்.

"அவங்க மறந்ததே எனக்காகத்தான்," என்றாள் அவள். "அத நானும் மறந்துட்டா அது நடந்ததுன்னு சொல்ல ஒலகத்துல ஒரு ஆளு இருக்க மாட்டாங்க."

அதற்குப் பிறகு அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்த ஒரு வருடம் இருக்கிறதே, அதை வடிவழகி வாழ்நாள் பூராவும் மறக்க மாட்டாள். கீரமங்கலத்தில் ஒரு நார்க் களத்தில் தரம் பிரிக்கும் வேலைக்குப் போனாள். வரும்போதும் போகும்போதும் எதிரே வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து அவளுக்கு மட்டும் நெஞ்சு நிறைந்தது, அவர்களுக்கோ ஒன்றும் தெரியாது. மில்லைத் தூக்கி விழுங்கியவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டாள். அலமேலு சங்கரா மீனுக்குப் பத்து ரூபாய் குறைக்க மாட்டேன் என்று மல்லுக்கு நின்றாள். வடிவழகி சிரித்துக்கொண்டே இருபது ரூபாய் கூடக் கொடுத்தாள். இவளுக்குத் திவாலானதில் மூளை பிசகிவிட்டது என்று அலமேலு தெருவெல்லாம் சொன்னாள். கோவிந்தராசு வழக்கம்போல் துண்டை உதறித் தோளை மாற்றினார். இரண்டு லட்சம் போட்டதை மறந்தவர் வாய்க்கால் தகராறை மறக்கவில்லை, அது மணியில் ஏறும் சங்கதி இல்லையே. அவர் முகத்தைத் திருப்பும்போதெல்லாம் அவளுக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருக்கும். கும்பிட்டால் ஏன் என்று கேட்பார். அதனால் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள்.

விடுதலை உத்தரவு வந்த நாள் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் பட்டுக்கோட்டையில் வங்கியைக் கடந்து போகும்போதுதான், இந்தக் கட்டடத்தைப் பார்த்தால் ஏன் முன்பெல்லாம் வயிறு எரிந்தது என்று யோசித்தாள். காரணம் வரவில்லை. பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். அலமேலு, தபால்காரர், பள்ளிக்கூடத்து ஆயா. ஒன்றும் குறையாமல் அறுநூற்றுப் பதினொன்றும் இருந்தன. நடுச்சாலையில் நின்று கடவுளுக்கு நன்றி சொன்னாள். அபராதமும் பத்திரமாக இருந்தது, அதை ஏழு தவணையில் கட்டி முடித்தாள்.

அடுத்த ஆடியில் டீக்கடைச் சுவரில் கோவிந்தராசுவின் விருந்து நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பெயர் போட்டு அழைப்பு வரவில்லை, வராது என்று அவளுக்குத் தெரியும். அவள் திருப்ப வேண்டிய அறுநூற்றுப் பதினொன்றில் முதல் விருந்து இது. கையில் ஒன்றரை லட்சம் சேர்ந்திருந்தது. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று அவள் கேட்பதற்கு முன்பே கலியமூர்த்தி, சட்டம் தொட முடியாது என்று விட்டு வைத்த வண்டியை விற்றுவிட்டு நடந்து வந்தான். வரும் வழியில் முனகிக்கொண்டுதான் வந்தான், இருந்தாலும் விற்றுவிட்டு வந்தான்.

விருந்தன்று மதியம் இருவரும் பந்தலுக்கு நடந்தே போனார்கள். ஆட்டுக்கறி வாசனை முச்சந்திவரை வந்தது. அவளைப் பார்த்ததும் பந்தியில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மொய் மேசையில் பொற்கொடி டீச்சர் மொய்க் கணக்கு இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். இரண்டடி தள்ளி நாற்காலியில் புது வேட்டியோடு கோவிந்தராசு.

வடிவழகி பணத்தை வைத்தாள். "பழைய நடை ரெண்டு லட்சம். புது நடை ஆயிரத்து ஒண்ணு."

டீச்சர் இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார். உங்கள் பெயரில் பழைய நடை எதுவும் காட்டவில்லையே, எல்லாவற்றையும் புது நடையாக எழுதிக்கொள்ளட்டுமா என்றார். புது நடை என்று எழுதினால் கோவிந்தராசு அதை அவளுக்குத் திருப்ப வேண்டி வரும். அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"காட்டாது டீச்சர். பழைய நடைன்னே எழுதுங்க."

கோவிந்தராசு எழுந்து வந்தார். அவளைப் பார்க்காமல் டீச்சரிடம் பேசினார்.

"எனக்கும் அந்தம்மாவுக்கும் நடை கெடையாதுன்னு சொல்லுங்க டீச்சர். வாய்க்கா கேசுதான் உண்டு."

"வாய்க்கா கேசுக்கு அபராதம் கட்டியாச்சுன்னு அண்ணன்கிட்ட சொல்லுங்க டீச்சர்," என்றாள் வடிவழகியும். "தப்பு என்னுதுதான். தண்ணிய விட்டது வேற. இது வேற."

அது வேற, இது வேற என்பது கோவிந்தராசுவின் வாயில் வருகிற பேச்சு. ஊரில் வேறு யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அவர் கை தானாக எழுந்து காதுக்குப் பின்னால் போனது. ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டில் முதல் ஆளாக நின்றது அவருக்கு ஞாபகம் இருந்தது. எதற்கு நின்றோம் என்று இரண்டு வருடமாக அவருக்குள் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருந்தது. பணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பின்னால் பந்தியில் அலமேலு உருண்டையாகப் பிடித்த சோற்றை வாய்க்குக் கொண்டு போகாமல் தன் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் தபால்காரரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள், இப்போது சொல்லத் தடையில்லை.

"அந்தம்மா சொன்னபடியே எழுதுங்க டீச்சர்," என்றார் கோவிந்தராசு. தோளிலிருந்த துண்டை எடுத்தார், ஆனால் உதறவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாப்பிட்டுட்டுப் போ தங்கச்சி."

அலமேலு நகர்ந்து இடம் விட்டாள். வடிவழகி உட்கார்ந்தாள், கலியமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்தான். இலையில் சோறு விழுந்தது, கறிக்குழம்பைக் கோவிந்தராசுவே வாளியோடு வந்து ஊற்றினார். காரம் கொஞ்சம் தூக்கல்தான். அவள் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள்.